அரை மூச்சு பின்னால்

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதலாம் என்றாலும் எந்தப் பெயரை எழுதுவது? எங்கள் தெருவில் அவளைக் கூப்பிட்ட பெயர் மாமியார் வைத்தது. பெற்றவள் வைத்தது வேறு. அதைக் கொஞ்ச நாள் காதால் கேட்டேன், என் நாக்குக்குச் சரியாக வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் தெருவே சேர்ந்து வைத்த பெயர் ஒன்றும் இருந்தது, ஒரிசாக்காரி. நான் அங்கே குடிபோன சமயம் அந்தப் பெயர் தேய்ந்து, அவள் டிரைவர் பொண்டாட்டி ஆகியிருந்தாள். அதுவே பெரிய பதவி உயர்வு என்று பிறகுதான் புரிந்தது.

2004 ஜூனில் எனக்கு மரக்காணத்துக்கு மாற்றல் வந்தது. அறிவியல் டீச்சர். கணவருக்குக் காஞ்சிபுரத்தில் வேலை, சனிக்கிழமை வருவார், ஞாயிறு சாயங்காலம் போவார். உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிறவர்கள் இருந்த தெருவில் ஓட்டு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அந்த இரண்டு வருஷத்தை இப்போது நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது களைப்புதான். காலையிலேயே கண்ணைக் குத்துகிற வெயில், வெள்ளை வெளேரென்று உப்புப் பாத்தி, நூறு பிள்ளைகளை அடைத்துவைத்த வகுப்பு, திரும்பி வந்தால் கரண்ட் இல்லாத வீடு. அதில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் பக்கத்து வீட்டில் இருந்த அவள்.

அவளிடம் நான் முதலில் கவனித்தது, எதையும் அவள் முதலில் செய்யமாட்டாள் என்பதை. குழாயடியில் அவள் குடம் முன்னால் இருந்தாலும் இன்னொருத்தி குனிந்த பிறகுதான் இவள் குனிவாள். யாராவது சிரிப்பாக ஏதாவது சொன்னால், சொன்னவளைப் பார்க்கமாட்டாள், கேட்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பாள். அவர்கள் பல் தெரிந்ததும் இவள் பல்லும் தெரியும். கோயிலில் பூசாரி விபூதி கொடுக்கும்போது பக்கத்தில் நிற்பவள் எந்தக் கையை எப்படி நீட்டுகிறாள் என்று ஒரு பார்வை போகும், பிறகுதான் கை நீளும். இடைவெளி அரை மூச்சு இருக்கும், அதற்குமேல் இருக்காது.

மற்றவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் பிழைப்பு. வகுப்பு மொத்தமும் சேர்ந்து ஒப்பிக்கும்போது, பாடம் படிக்காத பிள்ளை ஒன்று பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்து வாயசைக்கும். சத்தத்தில் அது தெரியாது, கண்ணால் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையைத் தனியாக எழுப்பிவிட்டால் முழிக்கும். இவள் முழிக்கவில்லை. அரை மூச்சு பின்னால் பார்த்து வாங்கியதை எல்லாம் அப்படியே தனக்குள் வைத்துக்கொண்டாள். கோலம் போட்டால் மாமியார் கோலம். மீன் குழம்பு வைத்தால் எதிர்வீட்டுக்காரியின் குழம்பு. கோபம் வந்து முந்தானையை உதறி இடுப்பில் சொருகும்போது அது அவளுடைய நாத்தனாரேதான்.

உப்பளத்துக்குப் பெண்கள் விடியும் முன்பே போய்விடுவார்கள். வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் வைத்து, வரப்பு மேல் வெறுங்காலோடு வரிசையாக நடந்து மேட்டில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பள்ளிக்குப் போகிற வழியில் அந்த வரிசையைப் பார்ப்பேன். எத்தனையோ நாள் அதில் எது அவள் என்று தேடியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கண்டுபிடித்ததில்லை.

மாமியாருக்கு இதில் பெருமை. அவர் ஒரு காலத்தில் உப்பளத்தில் பத்துப் பேரை வேலை வாங்கியவர், குரல் கம்மாது. "எம் புள்ள லாரி எடுத்துக்கினு ஒரிசாவுக்கு லோடு போனான், திரும்பி வரசொல்ல இவள இட்டாந்தான். ஊமைன்னுதான் டீச்சர் நெனச்சோம். மாசக்கணக்குல வாயே தொறக்கல. தொறந்த அன்னிக்கு இன்னா பண்ணா தெரியுமா? என்னையே திட்டுனா. நானு எம் மாமியாக்காரிய திட்டின மாதிரியே திட்டுனா. சரி, இது நம்ம வூட்டுப் பொண்ணு ஆயிடுச்சுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்பார்.

அவள் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். நாங்கள் சிரித்ததும் சிரிப்பாள்.

அவளுடைய பேச்சில் ஒரு பிசிறு இருக்காது. ள-வும் ழ-வும் எங்கள் தெருவில் எப்படித் தொலைந்துபோனதோ அப்படியே அவளிடமும் தொலைந்திருந்தது. ஐந்தாம் வகுப்பில் படித்த அவள் மகளுக்கு அம்மாவின் பாஷையில் ஒரு சொல் தெரியாது. ஒருநாள் கேட்டேன், பிள்ளைக்கு ரெண்டு வார்த்தையாவது சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்று.

"தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது டீச்சர்?"

"நீயாவது பேசுவியா, தனியா இருக்கறப்ப?"

"வந்த புதுசுல பேசுவேன். பாத்திரம் தேய்க்கசொல்ல, பழைய சோத்துக்கு நீச்சத்தண்ணி ஊத்தசொல்ல, எனக்கு நானே பேசிக்குவேன். அத்த கேட்டுட்டு, இன்னாடி முணுமுணுன்னு, செய்வின வெக்கிறியான்னு கேட்டுச்சு. அதுலேர்ந்து மனசுக்குள்ள பேசுனேன். அப்புறம் மனசும் தமிழ்லயே பேச ஆரம்பிச்சிடுச்சு."

இதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. பால்காரன் வராத கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் செரிமானப் பாடம் நடத்துவேன். உட்கொள்ளுதல், செரித்தல், உறிஞ்சுதல், தன்மயமாதல், வெளியேற்றுதல். பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். உறிஞ்சுதலுக்கும் தன்மயமாதலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். உறிஞ்சிக்கொண்டால் சத்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். தன்மயமானால் அது நீயாகவே ஆகிவிட்டது. முந்தாநாள் தின்ற இட்லி இன்றைக்கு உன் முழங்கை. இனிமேல் எவனும் அதைக் காட்டி, இது இட்லி என்று சொல்ல முடியாது. இப்படிச் சொன்னால் கடைசி பெஞ்சு சிரிக்கும். சிரித்துவிட்டு, தேர்வில் அந்தக் கேள்வியை விட்டுவிடும்.

ஆசிரியர் அறையில் ஒருநாள் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். தமிழ் ஐயா, தங்கள் பாடத்திலும் அது உண்டு என்றார். ஓர் ஒலி பக்கத்து ஒலியோடு சேர்ந்து சேர்ந்து, கடைசியில் அதைப் போலவே ஆகிவிடுமாம். சமூக அறிவியல் டீச்சர், வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளூரோடு கலந்துபோவதற்குத் தாங்கள் ஒரு பாடமே வைத்திருப்பதாகச் சொன்னார். தலைமையாசிரியர் மட்டும், "பிள்ளைங்களுக்குப் பாடமே தன்மயமாகலையே, அதுக்கு வழி சொல்லுங்கம்மா" என்றார். எல்லோரும் டீ குடித்துவிட்டு அவரவர் வகுப்புக்குப் போனோம். இட்லிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எங்கள் யாருடைய பாடத்திலும் இல்லை. எனக்கும் அன்றைக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

டிசம்பரில் கடல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தாள். முன்னால் போனவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவருவதைப் பார்த்ததும் என்ன ஏது என்று கேட்காமல் திரும்பி ஓடிவந்துவிட்டாள். நின்று பார்த்தவர்கள் சிலர் வரவில்லை. தெருவுக்கு வந்து என் வாசலில் விழுந்து, "அம்மா, அம்மா" என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக்கூடத் தமிழில்தான் சொன்னாள்.

சில நாள் கழித்து எங்கள் தெருப் பெண்கள் கடற்கரைக் குப்பத்துக்குத் துக்கம் கேட்கப் போனார்கள், நானும் போனேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, ஒப்பாரி சொல்லி அழுதார்கள். இவள் வழக்கம்போல அரை மூச்சு விட்டுப் பிடித்தாள். ஆனால் பிடித்த பிறகு அந்தக் குரல் மற்ற எல்லாக் குரலையும் தாண்டிப் போயிற்று. முடிந்து எழுந்தபோது குப்பத்துக்காரி ஒருத்தி அவள் கன்னத்தைத் தடவி, "நீ எந்தக் குப்பத்துப் பொண்ணும்மா?" என்று கேட்டாள். மாமியார் இதைத் தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார்.

அடுத்த நாள் குழாயடியில் கேட்டேன். "எங்கடி கத்துக்கிட்ட?"

"கத்துக்க இன்னா கீது. கூட உக்காந்து அழுதா வந்துடும்."

"உங்க ஊர்லயும் சாவுக்கு இப்படி அழுவாங்களா?"

"எங்க ஊர்ல கல்யாணத்துக்குத்தான் டீச்சர் இப்டி அழுவாங்க."

வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள். அவர்கள் பக்கம் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், வீட்டை விட்டுப் போகும்வரைக்கும் அம்மாவையும் அக்காவையும் அண்டை அயலையும் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டு, பாட்டாகச் சொல்லி அழவேண்டும். சின்ன வயதிலேயே அக்காமாருக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொள்வார்களாம். நன்றாக அழத் தெரியாத பெண்ணை, அம்மா மேல் ஆசை இல்லாதவள் என்று ஊரே பேசுமாம்.

"நீ நல்லா அழுதியா?"

"நானு எங்க அழுதேன்? ஒருத்தருக்கும் தெரியாம லாரில ஏறிட்டேன்."

பின்னால் நின்ற மாமியார் காதில் இது விழுந்துவிட்டது. "உசுரோட இருக்கறவங்கள கட்டிக்கினு ஒப்பாரி வெப்பாங்களா? கேக்கவே அடுக்கல. வாயக் கழுவுடி" என்றார். அவள் நிஜமாகவே வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

2005 கோடை விடுமுறையில் அவள் அம்மா வந்தாள்.

தமிழ்நாட்டில் கடல் ஏறி ஊரை அழித்துவிட்டது என்ற சேதி ஒரிசாவரை போயிருந்தது. டிரைவருக்கு ஊர் மரக்காணம் என்பது மட்டும் அவள் பிறந்த வீட்டில் தெரியும். அப்பா இருந்தவரை மகள் பேச்சை எடுக்கவிடவில்லையாம். அவர் போய்ச்சேர்ந்த பிறகு, சென்னையில் கட்டட வேலை பார்த்த தம்பி, அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ் மாறி பஸ் ஏறி, உப்பளத்தில் விசாரித்து விசாரித்து வந்துவிட்டான். சின்ன உருவம், தலையில் முக்காடு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அந்த அம்மாள் வாசலில் நின்று மகள் பெயரைச் சொன்னாள். அப்போதுதான் அந்தப் பெயரை நான் முதலில் கேட்டேன்.

அவள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கட்டிக்கொண்டாள். வாயைத் திறந்து, "வாம்மா, எப்பம்மா வந்த? உள்ள வாம்மா" என்றாள். அம்மாள் அவள் முகத்தைத் தள்ளிப் பிடித்து உற்றுப் பார்த்தாள். சரியான வீட்டுக்குத்தான் வந்தோமா என்று பார்க்கிறாள் போலிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. சத்தமாகப் பேசினால் யாருக்கும் தமிழ் புரிந்துவிடும் என்று எங்கள் தெருவுக்கு நம்பிக்கை. ஆளாளுக்கு வந்து அந்த அம்மாள் காதருகே கத்திவிட்டுப் போனார்கள். ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் கருவாட்டோடு கொடுத்தபோது அம்மாள் முகம் மலர்ந்து, கையை நக்கிச் சாப்பிட்டாள். அவர்கள் ஊரிலும் அதுதானாம். "அட, நம்ம ஆளுப்பா!" என்று மாமியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு பாஷையில் வெற்றிலை போட்டார்கள். வயிற்றுக்குள் போகிற விஷயத்தில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை.

சிக்கல் மகளிடம்தான். அம்மா சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் தமிழ் வந்தது. நிறுத்திக்கொண்டு, திரும்ப முயன்று, ஒரு சொல் அந்தப் பாஷையில், அடுத்தது இந்தப் பாஷையில் என்று தடுக்கித் தடுக்கி, கடைசியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்பாள். அந்தப் பிள்ளை வெட்கத்தில் சிரித்துவிட்டு ஓடிவிடும்.

ஒரு மத்தியானம் அம்மாள் மகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தி ஒன்று கேட்டாள். அவள் தலையை ஆட்டினாள். மறுபடி வாரல், மறுபடி அதே கேள்வி. எனக்கே அந்தக் கேள்வியின் ஓசை பழகிவிட்டது.

"என்னதான் கேக்கறாங்க?" என்றேன்.

"எம்மேல கோவமான்னு கேக்குது டீச்சர். அப்பா உன்னத் தல முழுகனப்ப நானு ஒண்ணும் சொல்லல, அதான் எங்கிட்ட பேசமாட்டேங்கறியான்னு கேக்குது."

"இல்லன்னு சொல்லவேண்டியதுதானே?"

"சொல்லிட்டேன். இல்லங்கற வார்த்தைதான் வருதே. வெறும் இல்லன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?"

"உன் தம்பிய விட்டுச் சொல்லச் சொல்லேன்."

"அவன் சொன்னா அது அவன் சொன்னது" என்றாள். பிறகு விரலை மடக்கினாள். "சோறு வருது. தண்ணி வருது. மீனு, உப்பு, காத்து எல்லாம் ஒண்ணொண்ணா வருது. சேத்து வெச்சுப் பேசணும்னா தொண்டையில அத்த பேச்சு வந்து நிக்குது. எங்கம்மா ஊருக்குப் போயி, எம் பொண்ணு எம்மேல கோவமா இருக்குதுன்னு நெனச்சுக்கினே சாவும் டீச்சர்."

அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். குப்பத்தில் அழுதது வேறு. இந்த அழுகைக்கு முன்னால் யாரும் அழுதுகாட்டவில்லை.

அவர்கள் கிளம்பும் நாள் வந்தது. அம்மாளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, தம்பிக்கு வேலை போய்விடும் என்றான். இவள் கூடப்போக முடியாது. மகன் லாரியோடு வெளியூரில் இருக்கும்போது மருமகளை அனுப்ப மாமியார் தயாராக இல்லை. போனால் வருவாளோ மாட்டாளோ என்ற பயத்தை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் மரியாதையில் குறைவைக்கவில்லை. பை நிறையக் கருவாடு, புதுப் புடவை, கையில் பூ. தெருப் பெண்கள் பஸ் நிற்கும் இடம்வரை வந்தார்கள்.

புதுச்சேரியிலிருந்து வரும் சென்னை பஸ் தூரத்தில் தெரிந்தது. அம்மாள் மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஏதோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். சொல் நீண்டது, வளைந்தது, பாட்டாயிற்று. ஒரு வரி முடிந்து நின்றது.

அவள் வாய் அசைந்தது, சத்தமில்லாமல். அம்மாள் அடுத்த வரியைச் சொன்னாள். இந்தத் தடவை சத்தமும் வந்தது, அரை மூச்சு பின்னால், அம்மாளின் வாயைப் பார்த்துக்கொண்டே. எங்கள் எல்லோர் வாயையும் பார்த்துப் பழகிய அந்தப் பார்வைதான். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. அம்மாள் முன்னால் போகப் போக இவள் விடாமல் பின்னாலேயே போனாள். தடுக்கவில்லை, தமிழ் குறுக்கே வரவில்லை.

மாமியாருக்கு இரண்டாம் வரியிலேயே புரிந்துவிட்டது. "அடிப்பாவி! இன்னாடி பண்ற? பெத்தவள உசுரோட நிக்கவெச்சு ஒப்பாரி வெக்கிறியே! நிறுத்துடி!" என்று ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினார். அவள் கையைத் தட்டிவிட்டாள். அந்த மாமியார் கையை. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து, "யாருப்பா செத்தது?" என்று கேட்டார்கள். பஸ் வந்து நின்றது. கண்டக்டரும் அதையே கேட்டார்.

ஓரிடத்தில் அம்மாளால் அடுத்த வரியை எடுக்க முடியவில்லை. பாட்டு நின்றுவிட்டது. முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் நிறுத்தவில்லை. முன்னால் யாரும் இல்லாமல், பார்க்க ஒரு வாய் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரியைத் தானே எடுத்தாள். அதற்கடுத்ததும் வந்தது. அம்மாள் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற தம்பியிடம், என்னப்பா பாடுகிறாள் என்று கேட்டேன். அவன் தெரிந்த தமிழில் சொன்னான். "அம்மா கூட சண்ட போடுது. ஏன் என்ன வளத்த, ஏன் வேற வூட்டுக்கு அனுப்பற, உனக்கு நான் சுமையா. எல்லாப் பொண்ணும் இதான் பாடும். கோவமாதான் பாடணும்."

அம்மாள் முகத்தைத் தூக்கியபோது மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் முந்தானையால் மகள் முகத்தைத் துடைத்துவிட்டு பஸ் ஏறினாள். அந்தக் கேள்வியை அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அன்று மாமியார் அவளை வாசலிலேயே நிறுத்தி, சாவு வீட்டிலிருந்து வந்தவளைப் போலத் தலையோடு தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டார். கொஞ்ச நாளில் டிரைவர் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவங்க ஊர்ல அப்டிதாம்மா, உடு" என்றான்.

"இது அவங்க ஊராடா?" என்று கேட்டார் மாமியார். அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

சண்டை சச்சரவு என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அடுத்து தெருவில் ஒரு சாவு விழுந்தபோது அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகப் போனாள். தோளில் கைபோட இடம் விடாமல் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். அவள் வாயிலிருந்து வந்தால் பலித்துவிடும் என்று குழாயடியில் பேச்சு. பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் அவள் வருகிறாள் என்றால் தொட்டிலை உள்ளே இழுத்தார்கள். ஒரிசாக்காரி என்ற பெயர் திரும்பி வந்தது, முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே. பன்னிரண்டு வருஷமாக அவர்கள் கோலத்தைப் போட்டு, அவர்கள் குழம்பை வைத்து, அவர்கள் சாவுக்கெல்லாம் அழுதவள். ஒரு பாட்டில் எல்லாம் போயிற்று. எனக்கு அந்தத் தெருவின் மேலேயே வெறுப்பு வந்தது. ஆனால் வெறுத்துவிட்டு எங்கே போவது, அங்கேதான் குடியிருந்தேன், அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்தினேன்.

உப்பள வரிசையில் இப்போது அவளைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க முடிந்தது. நடை மாறவில்லை. அவளுக்கு முன்னாலும் பின்னாலும் மற்றவர்கள் கொஞ்சம் இடம் விட்டு நடந்தார்கள். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டதற்கு, "கால்தான் வலிக்குது டீச்சர்" என்றாள்.

2006 தொடக்கத்தில், எனக்கு மாற்றல் வரும் முன்பு, தம்பி என் செல்போனுக்குக் கூப்பிட்டான். அம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். காரியமும் முடிந்துவிட்டது. நான்தான் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

தெருவுக்குச் சேதி போனதும், "நான் அப்பவே சொன்னேன்ல" என்பதும் கூடவே போயிற்று. இருந்தாலும் சாவு சாவுதான். முறையை விட முடியுமா? சாயங்காலம் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், மாமியார் முதலாக. அவளை நடுவில் உட்காரவைத்து, முடியை அவிழ்த்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக் காத்திருந்தார்கள். பெற்றவள் சாவுக்கு மகள்தான் முதலில் எடுக்கவேண்டும். அவள் எடுக்கவில்லை. ஒருத்தி இருமினாள். ஒருத்தி அவள் இடுப்பில் இடித்தாள்.

மாமியாரால் பொறுக்க முடியவில்லை. "அழுடி. பெத்தவடி."

"அழுதுட்டேன் அத்த."

"எப்படி அழுத? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

"அதுக்குக் காது கேக்கசொல்ல அழுதுட்டேன். இனிமே அழுதா யாருக்குக் கேக்கும்?"

மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று மார்பில் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த தாயே" என்று எடுத்தார். சம்பந்திக்காக அல்ல, என்றோ செத்துப்போன தன் அம்மாவுக்காக. தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. ஆளாளுக்கு அவரவர் அம்மாவைக் கூப்பிட்டு, அப்போது சொல்லாததை எல்லாம் இப்போது சொல்லிச் சொல்லி அழுதார்கள். எனக்கும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது, நானும் அழுதேன். அந்த வட்டத்துக்கு நடுவில் அவள் மட்டும் காய்ந்த கண்ணோடு, நாங்கள் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.